தோள்சீலையும் காணாமல்போன பாடமும்

கயத்தாறு என்றால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம், 1799. அந்த நெடுஞ்சாலையிலேயே தெற்கே போனால் நாகர்கோவில். அப்போ அது திருவிதாங்கூர். ஃபேஷன் படிக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய தோள்சீலைப் போராட்டம் நடந்த சீமை. மேலாடை போட்ட நாடார் பெண்களைச் சந்தையிலேயே மறித்துத் துணியைக் கிழித்தார்கள். கிறிஸ்தவரான பெண்களுக்குக் குப்பாயம் என்கிற சட்டை மட்டும் அனுமதி.

1859 ஜூலை 26 அன்று மகாராஜா இறங்கி வந்தார்: நாடார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி கூடாது! ஒரு டிரேப்பிங் ஸ்டைலுக்கு அரசாங்கமே உயர்சாதிக்குக் காப்புரிமை எழுதிக் கொடுத்த மாதிரிதான் எனக்குப் படுது.

இந்தக் கதை என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், உடையின் வரலாறு பாடத்தில் இருந்தது. 2016-ல் சிபிஎஸ்இ, இந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது என்றது. 2019-ல் பாடமே போச்சு.