முனைவாக்கப் படக்கருவிகளின் அளவுத்திருத்தம்

முனைவாக்கப் படக்கருவியின் அளவுத்திருத்தம் என்பது, ஒளியின் முனைவாக்க நிலையைப் பதிவு செய்யும் படக்கருவி தரும் அளவுகளை, முன்னரே அறியப்பட்ட ஒளியுடன் ஒப்பிட்டுத் திருத்தும் முறையாகும். திருத்தப்படாத கருவி, முனைவாக்கமே இல்லாத ஒளியிலும் முனைவாக்கம் இருப்பதாகக் காட்டக்கூடும்.

அடிப்படை

முனைவாக்கி ஒன்றின் ஊடாகச் செல்லும் நேர்கோட்டு முனைவாக்க ஒளியின் செறிவு, இரண்டிற்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது 1809 இல் வெளியான மாலுசின் விதி ஆகும். முனைவாக்க நிலையைக் குறிக்கும் நான்கு அளபுருக்களை ஸ்டோக்ஸ் 1852 இல் அறிமுகப்படுத்தினார்.

2018 இல் சோனி நிறுவனம் வெளியிட்ட உணரி போன்றவற்றில், படவணுக்களின் மேல் 0°, 45°, 90°, 135° கோணங்களில் நுண்கம்பி முனைவாக்கிகள் அமைந்துள்ளன. அண்மித்த நான்கு படவணுக்களின் செறிவுகளிலிருந்து முனைவாக்க அளவும் கோணமும் கணிக்கப்படுகின்றன.

பிழைகளின் மூலங்கள்

* உணர்திறன் வேறுபாடு: முனைவாக்கமற்ற ஒளியில் 0° படவணு 105 எனவும், 90° படவணு 100 எனவும் காட்டினால், வேறுபாடாகிய 5 ஐக் கூட்டுத்தொகையாகிய 205 ஆல் வகுக்க, ஏறத்தாழ 2.4% பொய்யான முனைவாக்கம் கிடைக்கும்.
* அழிப்பு விகிதம்: முனைவாக்கி கடத்தும் பெரும, சிறும செறிவுகளின் விகிதம் இது. இது 50 எனில், முழுமையாக முனைவாக்கப்பட்ட ஒளியும் 96% என்றே தோன்றும். இவ்விகிதம் அலைநீளத்துடன் மாறும்.
* கோண விலகல்: நுண்கம்பிகள் குறித்த கோணத்திலிருந்து சற்று விலகியிருக்கலாம்.
* வில்லை: சாய்வாக விழும் கதிர்களும், கண்ணாடியிலுள்ள தகைவும் முனைவாக்க நிலையை மாற்றும். எனவே பயன்படுத்தவிருக்கும் வில்லையுடனேயே திருத்தம் செய்வது நன்று.

செய்முறை

1. வில்லையை மூடி இருள்படம் எடுத்து, அதனை எல்லாப் படங்களிலிருந்தும் கழித்தல்.
2. உட்புறம் வெண்பூச்சுடைய ஒளிக்கோளத்தின் சீரான, முனைவாக்கமற்ற ஒளியைப் படமெடுத்து, உணர்திறன் வேறுபாட்டைக் கண்டறிதல்.
3. அக்கோளத்தின் முன் தரமான முனைவாக்கி ஒன்றை வைத்து, 0° முதல் 180° வரை, எடுத்துக்காட்டாக 10° இடைவெளியில், சுழற்றிப் படமெடுத்தல்.
4. ஒவ்வொரு படவணுவின் அளவீடுகளுக்கும் மிகக்குறைந்த வர்க்க முறையில் சைன் வளைகோட்டைப் பொருத்தி, அதன் பெருக்கம், கோணம், அழிப்பு விகிதம் ஆகியவற்றைப் பெறுதல்.
5. இவற்றைக் கொண்டு திருத்த அணியை உருவாக்குதல். பவல், குருவேவ் ஆகியோர் 2013 இல் இத்தகைய முறைகளை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

சுழற்றும் முனைவாக்கியின் சுழிக்கோணமும் சரியாக இருத்தல் வேண்டும். அதனை நிலைக்குத்து அச்சைப் பற்றி முன்பின்னாகத் திருப்பி மீண்டும் அளந்து, இரு அளவுகளின் சராசரியை எடுத்தால் பொருத்துதலில் நேர்ந்த கோணப்பிழை நீங்கும்.

சரிபார்த்தல்

திருத்தத்திற்குப் பயன்படுத்தாத ஒளியைக் கொண்டே சரிபார்க்க வேண்டும். ஒளிவிலகல் எண் 1.5 உடைய கண்ணாடியில் ஏறத்தாழ 56.3° படுகோணத்தில் தெறிக்கும் ஒளி முழுமையாக முனைவாக்கம் அடைவதால், அது எளிய சோதனையாகும்.

விண்வெளியில் கருவிக்கு அருகே செல்ல இயலாது. 1996 இல் ஏவப்பட்ட போல்டர் கருவி, முனைவாக்கம் குறைந்த மேகங்களையும், முனைவாக்கம் மிகுந்த கடற்பரப்பின் சூரிய மினுக்கத்தையும் இதற்குப் பயன்படுத்தியது.

வரம்புகள்

அண்மித்த நான்கு படவணுக்களும் ஒரே புள்ளியைக் காண்பதில்லை. ஆகவே பொருட்களின் விளிம்புகளில் தோன்றும் பொய்யான முனைவாக்கம் அளவுத்திருத்தத்தால் நீங்காது. அதற்கு இடைச்செருகல் கணிப்பு தேவை. மேலும் முனைவாக்க அளவு எதிர்மறையாக இருக்க முடியாதாகையால், மங்கிய ஒளியில் இரைச்சல் அதனை உயர்த்தியே காட்டும்.