மானிப்பாய் காட்டிய வழி

நம் கல்லூரி லேபில் ரெக்கார்டு நோட்டு எழுதிய நாட்கள் நினைவிருக்கிறதா? முந்தைய செட் அண்ணன்மாரின் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதுவோம். புரிந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் வேலைக்குப் போன பிறகும் என்னை விடவில்லை. பாய்லர் தொழிலாளர்களுக்காகத் தமிழில் ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதினேன். 'அழுத்தம் வரம்பை விஞ்சும் தறுவாயில் நீராவி வெளியேற்றப்படுதல் வேண்டும்' என்று கம்பீரமாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்த மூத்த தொழிலாளி, "சார், இப்ப வால்வைத் திறக்கணுமா, மூடணுமா?" என்றார். வெட்கமாகிவிட்டது. பாய்லர் பக்கத்தில் நிற்பவருக்கு அகராதி புரட்ட நேரம் ஏது?

அதற்குப் பிறகுதான் அறிவியல் தமிழின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போக, கிராமத்தில் வைத்தியம் பார்க்க ஆளில்லை. ஆகவே 1864-ல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். 1852-லேயே தமிழில் உடற்கூறு நூல் கொண்டுவந்தவர் அவர். மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) என்று வரிசையாக வெளியிட்டார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார், கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவார். 1873-ல் தாயகம் திரும்பிய பின்னும், 1884-ல் இறக்கும்வரை தமிழ் நூல் பணியை அவர் விடவில்லை.

நம் பக்கத்தில், 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்து, பத்திரிகையும் நடத்தினார்கள்.

'அங்காதிபாதம்' என்றால் இன்று நமக்கே புரியாது. சொல் பழசாகிவிடும். ஆனால், யாருக்காக எழுதுகிறோம் என்று கிறீன் முதலில் கேட்டுக்கொண்டாரே, அந்தக் கேள்வி பழசாகாது.

தீபத்துக்கு நம் ஊருக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் மலை சுற்றுகிறார்கள். வழியில் ஒருவர் மயங்கினால், 'நீரிழப்பு ஈடுசெய்யப்படல் வேண்டும்' என்ற நோட்டீஸ் உதவுமா? 'உப்பு சர்க்கரைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்' என்றால் உதவும்.

நம்மில் டாக்டர்கள் உண்டு, எஞ்சினீயர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. இனித் தமிழில் எந்தக் குறிப்பு எழுதினாலும், அச்சுக்குக் கொடுக்குமுன் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவோமே! அவர் கேட்கிற கேள்விதான் நமக்கு நல்ல வாத்தியார்.