பொன்னுருக்கில் கரையும் வரலாறு

பழைய பொற்காசு ஒன்று அரிதாக இருப்பதற்குக் காரணம், அது குறைவாக அச்சிடப்பட்டமையே எனப் பலரும் எண்ணுவர். உண்மையில், உருக்கப்பட்டமையால் அரிதானவையே மிகப் பல.

அமெரிக்காவின் ஐந்து டொலர் பொற்காசுகள் 1795 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என அந்நாட்டின் 1792 ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்பு வகுத்திருந்தது. ஐரோப்பியச் சந்தையிலோ பொன்னின் மதிப்பு அதனிலும் கூடியது. ஆகவே காசுகள் கடல் கடந்து சென்று உருக்கப்பட்டன. 1834 இல் புதிய காசின் பொன்னளவைக் குறைத்தபோது, எஞ்சிய பழைய காசுகளும் உலைக்குச் சென்றன. 1822 ஆம் ஆண்டுக் கணக்கிலே 17,796 காசுகள் பதிவாகியுள்ளன. அவ்வாண்டு பொறித்தவற்றில் இன்று அறியப்பட்டவை மூன்றே. இரண்டு ஸ்மித்சோனியன் நூதனசாலையில் உள்ளன; மூன்றாவது 2021 இல் 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திருமணப் பேச்சு எழும் வீடுகளில் 'எத்தனை பவுண்?' என்னும் கேள்வியும் எழும். அந்தப் பவுண் என்னும் அளவே பிரித்தானியரின் சவரின் காசிலிருந்து வந்ததுதான். 1817 முதல் அச்சிடப்பட்டுவரும் அக்காசின் நிறை 7.988 கிராம், நாம் எட்டுக் கிராம் என்கிறோம். நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டிலே பொற்காசை உருக்கித் தாலிக்கு வழிகோலும் பொன்னுருக்குச் சடங்கில் எத்தனை அரச முகங்கள் கரைந்தன என்பதற்குக் கணக்கில்லை.

சடங்கைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சவரின்களிற் பெரும்பாலானவை இன்றும் ஏராளமாகக் கிடைப்பவையே. கவலை அதற்கு முந்திய காசுகள் பற்றியது. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் கொண்ட இலங்கையின் பழைய 'கஹவணு' பொற்காசின் அமைப்பையே முதலாம் இராஜராஜ சோழனும் தன் காசுகளில் ஏற்றுக்கொண்டான். சோழர் கல்வெட்டுகள் 'ஈழக்காசு' என ஒன்றைக் குறிப்பிடுகின்றன. இராஜராஜனின் செப்புக் காசுகள் இன்றும் ஏராளம். பொற்காசுகளோ மிக அரிது. செம்பை உருக்குவதில் இலாபம் இல்லை. பொன்னை உருக்குவதில் உண்டு. வறியவர் கைக்காசு தப்பிப் பிழைக்க, செல்வர் கைக்காசு அழிந்தது!

இலங்கை நாணயங்களை முறையாக ஆராய்ந்து எச். டபிள்யூ. கொட்றிங்டன் எழுதிய நூலைக் கொழும்பு நூதனசாலை 1924 இல் வெளியிட்டது. அத்தகைய ஆய்வுக்கு ஆதாரம் கையிற் கிடைத்த காசுகளே. உருகிய காசு எந்த ஆய்வாளனுக்கும் சாட்சி சொல்லாது. 1983 யூலையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டபோது பறிபோன பொன்னிலும் எவ்வளவு வரலாறு இருந்ததோ!

ஆகவே, பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு காசு வெளிவந்தால், செட்டியார் தெருவுக்குக் கொண்டு செல்லுமுன் இருபுறமும் படம் எடுத்து, நிறையும் விட்டமும் குறித்து, அது குடும்பத்துக்கு வந்த வழியையும் எழுதி வையுங்கள். காசைத் தேய்த்துத் துலக்காதீர்கள். மண்ணிலிருந்து கண்டெடுத்த பழங்காசாயின், 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அது அரசுக்குரியது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பொன்னின் விலையை நாளேடு நாள்தோறும் அறிவிக்கிறது. அதன்மேற் பொறித்த எழுத்தின் விலையை அறிய, அந்த எழுத்து அழியாமல் இருக்க வேண்டும்.