25 ரூபாய்ப் பங்கு

நல்லூர்த் தேரடியில் நின்று 'பங்கு' என்று சொன்னால், அது கொழும்புத் தரகர் வீட்டுச் சரக்கு என முகஞ்சுளிக்கும் ஆசிரிய நண்பர்கள் உண்டு. 1906ஆம் ஆண்டை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அவ்வாண்டு ஒக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தரகனை நம்பாமல், அவரே ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தார். இலங்கையர் உள்ளிட்ட ஆசியர் எவரும் வாங்கலாம். நல்லூர்க்காரனும் கப்பலுக்கு உடைமையாளன் ஆகியிருக்கலாம்! ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்குகள் வாங்கினார். 1907இல் 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரே நின்றதோ 1856இல் தோன்றிய பிரிட்டிஷ் இந்தியக் கம்பெனி. அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி அரை ரூபாய் என்றது. உடனே வெள்ளையன் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்தான். அரை நூற்றாண்டாக ஈட்டிய இலாபத்தை மீண்டும் முதலாக்கி வளர்ந்தவனுக்கு நட்டம் ஒரு பொருட்டா? கட்டணப் போரில் சிக்கிய சுதேசிப் பங்குதாரன் எந்த இலாபத்தை மறுமுதலாக்குவான்? போதாக்குறைக்கு அரசும் வெள்ளையன் பக்கம். 1908 மார்ச்சில் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போயின.