இணைப்பு இரண்டு, பாதை ஒன்று

2004 ஆகஸ்டில், கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சிதைத்தது. இலங்கையின் இணையத் தொடர்பு பெரிதும் முடங்கியது. பத்திரிகைக்காரனான எனக்கு அச்செய்தி உணர்த்திய பாடம் ஒன்றே: நிறுவனங்கள் பலவாயினும், பாதை ஒன்றானால் பயனில்லை.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்ட அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். ஃபயர்வாலின் வழித்தட அட்டவணையில் இரு நிறுவனங்களின் இணைப்புகளையும் பதிந்து, ஒன்றுக்கு முன்னுரிமை தரலாம். ஆனால் அருகிலுள்ள ரவுட்டரை மட்டும் சோதித்தால், அதற்கப்பால் அறுந்த தடம் தெரியாது. தொலைவிலுள்ள முகவரியையே சோதிக்கவேண்டும். ஓர் இணைப்பில் வந்த கோரிக்கைக்கான பதிலும் அவ்வழியே திரும்பவேண்டும்.

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்திலும் மலை சரிந்து உயிர்களைப் பறித்தது. அத்தகைய மண்ணில் இரு கம்பிகளும் ஒரே சரிவில் சென்றால் எந்த அட்டவணையும் காப்பாற்றாது. லயன்களுக்கு எச்சரிக்கை எட்டுவதற்காகவேனும், ஒன்று கம்பியாகவும் மற்றது வேறு திசைக் கோபுரமாகவும் இருக்கட்டும்.