கடல் இருந்த தெருக்கள்

ஹொங்கொங் தீவைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மாடிகளை எண்ணிக் கழுத்து நோவதுதான் மிச்சம். எனக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு பகல். அதை நிலத்தைப் பார்த்தே கழிப்பதென்று முடிவு செய்துகொண்டேன். இந்நகரின் சரித்திரத்தில் பாதி, கடலை மண்ணிட்டு நிரப்பிய கதையல்லவா?

காலையில் முதலிற் போனது ஒரு குறுந்தெருவுக்கு. 1841 ஜனவரி 26 ஆந் திகதி பிரித்தானியக் கடற்படையினர் கொடியேற்றித் தீவைத் தமதாக்கிக்கொண்ட இடம் இதுவே. ஆங்கிலத்தில் இத்தெருவுக்குப் 'பொசெஷன் ஸ்ட்றீற்' என்று பெயர். கைப்பற்றிய தெரு என்று கொள்ளலாம். சீனர் வைத்திருக்கும் பெயரோ வேறு. ஓடை வந்து விழும் வாய் என்பது அதன் பொருள். கொடியேற்றியவர் தாம் பெற்றதைப் பெயராக்கினார். ஊரவர் அங்கே என்ன இருந்ததோ அதைப் பெயராக்கினர். ஒரே தெருவின் இரு பெயர்ப்பலகைகளில் இரண்டு சரித்திரங்கள்!

இன்று அங்கே ஓடையுமில்லை, கடலுமில்லை. தண்ணீரைக் காணப் பல நூறு மீற்றர் நடக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் கரையோரமாகவே வெட்டப்பட்ட குயீன்ஸ் வீதி இப்போது ஊருக்குள்ளே ஒளிந்து கிடக்கிறது. அதைத் தாண்டி, இரட்டை மாடி டிராம் வண்டிகள் மணியடித்துச் செல்லும் வீதியும், அதற்கும் அப்பாலுள்ள கொனோற் வீதியும் கடலின் மேல் எழுந்தவை. 1889 இல் தொடங்கிய பெரிய நிரப்பு வேலையை முன்னின்று தூண்டியவர் போல் சாட்டர். கல்கத்தாவிற் பிறந்த ஆர்மீனியர் அவர். ஆங்கிலேயர் கட்டிய நகரம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சற்றுக் கிளறினால் இப்படி யார் யாரோ வெளிப்படுகிறார்கள்.

அங்கிருந்து படிகளேறித் தாய்ப்பிங்ஷான் பகுதிக்குப் போனேன். சீனத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 1894 மே மாதத்தில் கொள்ளைநோய் புகுந்தது. அவ்வருடம் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் இனங்கண்டது இந்த ஊரில்தான். தனக்கென அமைத்துக்கொண்ட ஓர் ஓலைக்குடிலே அவருக்கு ஆய்வுகூடமாயிற்று. மருத்துவ நூல்கள் அவரை மறக்கவில்லை. ஆனால் நோய் தணிந்தபின் அரசாங்கம் செய்ததை அத்தெருவார் மறந்திருக்கமாட்டார்கள். வீடுகளைக் கையகப்படுத்தி, பகுதியின் பெருந் துண்டொன்றை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு தேசாதிபதியின் பெயர் தாங்கிய பூங்கா இருக்கிறது. முதியவர்கள் மரநிழலில் அமர்ந்து பத்திரிகை வாசிக்கிறார்கள். நல்ல நிழல்தான். அதன் கீழ் எத்தனை அடுப்படிகள் கிடந்தன என்று எண்ணாமல் என்னால் அங்கே அமர முடியவில்லை.

மதியத்துக்குப் பின் மலையேறினேன். விக்டோரியா சிகரம் 552 மீற்றர் உயரம். 1888 இல் ஓடத் தொடங்கிய கம்பி இழுவை ரயில் இன்றும் ஏறி இறங்குகிறது. அதற்கு முன்னர் கனவான்களைப் பல்லக்கு நாற்காலியிற் சுமந்து ஏறியவர்கள் சீனக் கூலிகள். ரயிலிலும் 1926 வரை மூன்று வகுப்புகள் இருந்தன. முதலாம் வகுப்பு அதிகாரிகளுக்கும் மலைவாசிகளுக்கும், இரண்டாவது பிரித்தானியப் படையினருக்கும் பொலிசாருக்கும். மூன்றாவதில் மற்ற மனிதரும் விலங்குகளும். 1904 இல் வந்த சட்டமொன்று, தேசாதிபதியின் அனுமதியின்றிச் சீனர் மலையிற் குடியிருக்கலாகாது என்றது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. சமைக்கலாம், துவைக்கலாம், குடியிருக்கக் கூடாது! அச்சட்டம் 1946 இல்தான் நீக்கப்பட்டது. உச்சியில் நின்றால் துறைமுகம் முழுவதும் கண்ணிற்படும். காட்சி அழகானதென்பதில் ஐயமில்லை. சட்டம் போட்டுக் காத்த அழகு.

மாலையில் கௌலூன் பக்கம் போகப் படகுத்துறைக்கு வந்தேன். நம் மட்டக்களப்பு வாவியிற் 'பாதை' என்போமே, அந்த வேலையைத்தான் இந்தப் பச்சை வெள்ளைப் படகுகள் செய்கின்றன. இச்சேவையைத் தொடக்கியவர் தொராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சி. படகுகளுக்கெல்லாம் நட்சத்திரப் பெயர்கள் வைத்தார். இன்றும் அவ்வழக்கம் தொடர்கிறது.

இந்தப் படகின் கட்டணம் ஒருமுறை நகரையே உலுக்கியிருக்கிறது. 1966 இல் முதலாம் வகுப்புக் கட்டணத்தை 20 சதத்திலிருந்து 25 சதமாக்கக் கம்பனி கேட்டது. ஏழைகள் போகும் கீழ்த்தட்டின் கட்டணம் மாறவில்லை. ஆயினும் ஒன்று கூடினால் எல்லாம் கூடும் என்பதை ஏழை அறிவான். நகரசபை உறுப்பினர் எல்சி எலியட் அம்மையார் ஆயிரக்கணக்கான கையொப்பங்கள் திரட்டினார். ஏப்ரல் 4 ஆந் திகதி சோ சௌ-சுங் என்ற இளைஞர், கறுப்பு மேற்சட்டையிற் சுலோகம் எழுதிக்கொண்டு படகுத்துறை வாசலில் உண்ணாவிரதமிருந்தார். மறுநாள் கைதானார். அடுத்த இரவுகளிற் கௌலூன் தெருக்கள் கலவரமாகின. ஓர் உயிர் போயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். ஐந்து சதம்! நெரிசலான குடியிருப்பு, குறைந்த கூலி, கேட்பாரற்ற ஆட்சி எல்லாம் அந்த ஐந்து சதத்தில் ஏறி நின்றிருந்தன.

சோ அமர்ந்திருந்த வாசலை நான் பார்க்க முடியவில்லை. அந்தத் துறை 2006 நவம்பரில் மூடப்பட்டது. இளைஞர்கள் திரண்டு மறித்தும், அதன் மணிக்கூட்டுக் கோபுரம் இடிக்கப்பட்டது. மீண்டும் கடலை நிரப்பும் வேலைக்காகத்தான். புதிய துறை கடலுக்குள் இன்னும் தள்ளி நிற்கிறது. அதனால் அக்கரைக்கான தூரமும் குறைந்துவிட்டது. படகில் ஏறி அமர்ந்து, மலையில் விளக்குகள் ஏற்றப்படுவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் கயிறு வீசும் சத்தம் கேட்டது. கௌலூன் வந்துவிட்டது.