தோம்பில் ஏறாத பெயர்கள்

வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரித்துக் கிடக்கும் உப்புநீரேரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த ஊர் தொண்டைமானாறு. முதலாம் குலோத்துங்கனுக்காகக் கலிங்கப் போரில் படை நடத்திய கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்ல இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது மரபு. 'வெட்டுவித்தான்' என்ற சொல்லை நாம் சற்று ஊன்றி நோக்க வேண்டும். வெட்டுவித்தவன் பெயர் ஊருக்கு நிலைத்தது. மண்வெட்டி பிடித்தவன் பெயரை எந்த மரபும் சொல்லவில்லை.

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. நிலத்தையும் அதன் வரியையும் போர்த்துக்கேயர் ஏட்டில் பதிந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற 'தோம்பு' என்னும் சொல் இன்றும் நம் பேச்சில் வாழ்கிறது. 1658இல் வந்த ஒல்லாந்தரும் தோம்பு எழுதினர். நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமைச் சட்டமாக்கியவர்களும் அவர்களே. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அச்சட்டம் சொத்தை நுணுக்கமாக வகுத்தது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதிலே இடம்பெற்றன. நிலத்தை உழுதவனும் நிலத்தைப் போலவே ஒருவனுடைய உடைமையாக இருந்தான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை நாட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை எனக் கொண்டது. உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. ஏரிக்கரையில் தானாக விளைந்த உப்பை ஏழை அள்ளினாலும் குற்றம். 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்றவனுக்கு நிலம் கிட்டவில்லை. நேற்று அடிமையாக உழுத வயலையே இன்று வாரத்துக்கு உழுதான். ஆட்சிகள் மாறினும், இடையில் நின்று வரி திரட்டிய உடையாரும் மணியகாரனும் மாறவில்லை. புதிய எசமானனுக்குப் பழைய கணக்குப்பிள்ளை தேவைப்பட்டான்.

எனினும் ஏட்டுக்கு வெளியேயும் உரிமைகள் வாழ்ந்தன. ஆற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில், கடற்றொழிலாளர் மரபில் வந்த பூசகர்கள் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றனர். பிறப்பைக் காட்டிக் கோயிற் கதவை அடைத்த குடாநாட்டிலே இது சிறிய செய்தியன்று.

சுதந்திரத்துக்குப் பின்னும் நிலப் பிரச்சினை தீரவில்லை. உப்புநீரைத் தடுத்து மழைநீரைத் தேக்க முகத்துவாரத்திற் கதவணை எழுந்தது. ஏரி நன்னீராயின் கிணறும் வயலும் செழிக்கும். ஆனால் இறாலையும் மீனையும் நம்பி வாழ்வோர் கதி என்ன? நீர் யாருக்கு உரியது என்ற கேள்வி அங்கே எழுகிறது. பின்னர் வந்த போர் வேறொரு பாடம் புகட்டியது. 1990இல் பலாலி, வளலாய்ப் பகுதிகளின் மக்கள் வெளியேறினர். அவர்கள் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. கையிலே உறுதி இருந்தது. காலடியில் நிலம் இல்லை. வளலாயில் ஒரு பகுதி நிலம் உரியவர்களிடம் திரும்பியது 2015இலேதான். இடையில் ஒரு தலைமுறை முகாம்களிலே வளர்ந்துவிட்டது.

ஆள்வோர் எழுதும் ஏடு ஆள்வோருக்கே பயன்படும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் விஞ்ஞான மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றது. வரலாற்று மாணவரும் அவ்வாறே வெளியே செல்லட்டும். வயல்களின் பெயர்களை, வாரக் கணக்குகளை, ஏரியில் வலை வீசும் முறைகளை முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அதற்கு வழிகாட்டுவது ஆசிரியராகிய நம் கடன். உழைத்தோர் பெயர் ஏறிய ஒரு தோம்பு இம்மண்ணுக்கு இனியாவது வேண்டும்.